சேலத்தில் வீடு தேடிப் போய் மசாஜ் செய்ய: பயிற்சி முடித்தவருக்கு முழுமையான வழிகாட்டி

பயிற்சி வகுப்பில் கைவேலையை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். உருவுவது, பிசைவது, தட்டுவது எல்லாம் நாலைந்து மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் யாருக்குக் கை வைக்கக் கூடாது, போனில் என்ன கேட்பது, எந்த வரிசையில் செய்வது, நம் கட்டைவிரலை எப்படிக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். என்னிடம் தொழில் பழக வந்தவர்கள் இடறியது பெரும்பாலும் அங்கேதான். அதனால் இந்த வழிகாட்டியில் கை படுவதற்கு முந்தைய வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சேலம் நகரத்திலும் ஏற்காட்டிலும் வீடு, விடுதி என்று போய்ச் செய்பவருக்காக எழுதியது இது.

1. முதல் போன் வருவதற்கு முன்

பயிற்சிச் சான்றிதழின் நகல், அடையாள அட்டை இரண்டும் பையில் எப்போதும் இருக்கட்டும். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் அபார்ட்மென்ட் காவலாளி கேட்பார்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். வங்கியில் நடப்புக் கணக்கு திறக்கவும், பின்னால் கடன் கேட்கவும் இது உதவும். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு.

உங்களை என்னவென்று சொல்லிக்கொள்வது என்பதில் மட்டும் கவனம் தேவை. மசாஜ் தெரபிஸ்ட் என்று சொல்லலாம். பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லக் கூடாது, அது தனிப் பட்டப்படிப்பு. 2021ஆம் ஆண்டு வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. அக்கம்பக்கத்தார் அன்பாக "டாக்டர்" என்று கூப்பிட்டால் அன்றே திருத்திவிடுங்கள். அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டால் மறுநாள் மாத்திரை கேட்பார்கள், அதற்கடுத்த நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டுவார்கள்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

மடக்கு மேசை நல்லதுதான். ஆனால் அது 15 கிலோவை ஒட்டி வரும், ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் மசாஜ் தொடங்கும் முன்பே உங்கள் இடுப்பு போய்விடும். கார் இல்லாதவர்கள் தரையில் செய்யப் பழகுங்கள். ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, அதன் மேல் அந்த வீட்டின் பஞ்சு மெத்தை, அதன் மேல் உங்கள் துணி. உங்கள் முழங்காலுக்குத் தடிமனான ஒரு ஃபோம் துண்டு. வாடிக்கையாளரின் கட்டில் மெத்தையில் மட்டும் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தத்தை மெத்தை உள்வாங்கிவிடும், நீங்கள் இரண்டு மடங்கு அழுத்துவீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் முதுகுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

மேசை வைத்திருப்பவர்கள் உயரத்தை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டிகள் மேசையைத் தொட வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோளால் அழுத்துவீர்கள்.

உடம்பைப் போர்த்த டவலைவிட நாலு முழ வேட்டி மேல். இலேசாக இருக்கும், உடம்போடு படியும், துவைத்தால் சீக்கிரம் காயும். ஒரு ஆளுக்கு இரண்டு வேட்டி, மூன்று சின்னத் துண்டு என்று கணக்கு வையுங்கள். ஒருவருக்குப் போட்டதைத் துவைக்காமல் அடுத்தவருக்குப் போடக் கூடாது.

எண்ணெய்க்குச் செக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் போதும். முழு உடம்புக்கு 30 முதல் 50 மில்லி ஆகும். சின்ன பம்ப் பாட்டிலில் எடுத்துப் போனால் வழுக்கும் கையோடு மூடியைத் திருக வேண்டியதில்லை. மூலிகைத் தைலம் நீங்களாகக் காய்ச்சிக் கொண்டு போகாதீர்கள். சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்து வாடிக்கையாளரே வாங்கி வைத்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

3. போனில் கேட்க வேண்டியது

புதியவர்கள் போனை எடுத்ததும் விலை சொல்கிறார்கள். விலை கடைசியில் வர வேண்டியது. முதலில் யாருக்கு, வயது என்ன, எங்கே வலி, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். இதைக் கேட்டாலே நேர்மையான வாடிக்கையாளர் நிதானமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். மசாஜுக்காக அல்லாமல் வேறு எதற்கோ கூப்பிட்டவர் எரிச்சலாகி, "பொண்ணு எப்படி இருக்கும்", "ஃபுல் சர்வீஸ் உண்டா" என்று தன் வேலைக்கு வந்துவிடுவார். அப்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "அது இங்கே கிடையாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு எண்ணை முடக்கிவிடுங்கள். இந்த வடிகட்டல் உங்கள் மானத்துக்கும் பாதுகாப்புக்கும் அவசியம். எவ்வளவு பணக்கஷ்டம் இருந்தாலும் இதைத் தளர்த்தாதீர்கள்.

வீடுகளுக்குப் போகும்போது பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்று வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். முதல் முறை போகும் வீட்டுக்குப் பகல் நேரம் மட்டும் கொடுங்கள். முகவரியை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி, லைவ் லொகேஷனையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். முடிக்கும் நேரத்துக்கு அவரே உங்களை அழைக்கட்டும். இதை மறைக்க வேண்டியதில்லை. "நாலு மணிக்கு வீட்ல இருந்து போன் வரும்" என்று வாடிக்கையாளர் காதில் விழும்படி சொல்வதே ஒரு காவல்.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். சேலத்தில் காலை டிபன் முடித்த கையோடு கூப்பிடுவார்கள். வயிறு நிறைந்தவரைக் குப்புறப் படுக்க வைத்தால் அவருக்கும் அவஸ்தை, உங்களுக்கும் அவஸ்தை.

4. கை வைக்கக் கூடாத உடம்பு

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். நாம் செய்யும் நன்மை சில நாள் நிற்கும், தீமை உயிர் வரை போகும்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறதா? கை வைக்கவே கூடாது. இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர், நாள்கணக்கில் படுக்கையில் இருந்தவர், நீண்ட தூரம் உட்கார்ந்தே பயணம் செய்தவர் என்றால் சந்தேகம் இன்னும் பலம். "கால் பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் உருவி விடுங்க" என்றுதான் இவர்கள் கூப்பிடுவார்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

இடது தோளும் கையும் வலி, கூடவே வியர்வை, நெஞ்சு இறுக்கம் என்றால் வாயுப் பிடிப்பு என்று வீட்டார் சொன்னாலும் கேட்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். இடுப்பு வலியோடு தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கழிப்பதில் மாற்றம், காலில் பலம் குறைவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். காய்ச்சல் உள்ளவருக்கும் மசாஜ் கிடையாது. காய்ச்சல் விட்டு உடம்பு தேறிய பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

மருத்துவர் சரி என்றால் மட்டும் செய்ய வேண்டியவர்கள் வேறு ரகம். வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள். மாத்திரைப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. "மாத்திரை அட்டையைக் காட்டுங்கம்மா" என்று கேட்பதுதான் வழி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தொடாதீர்கள். அதன் பிறகும் தனிப் பயிற்சி எடுத்தவர்கள் மட்டும், ஒருக்களித்துப் படுக்க வைத்துச் செய்யலாம்.

வெரிகோஸ் நரம்பு, புண், கொப்புளம், படர்தாமரை, இரண்டு மூன்று நாளுக்குள் ஏற்பட்ட சுளுக்கு இருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம். "சுளுக்கு எடுக்கத்தானே கூப்பிட்டோம்" என்பார்கள். புதுச் சுளுக்கில் உள்ளே நார் கிழிந்திருக்கும், தேய்த்தால் வீக்கம் கூடும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐம்பது வயதுக்கு மேல் வருபவர்களில் பலருக்கும் அது இருக்கிறது. அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். "அழுத்தம் போதுமா" என்று கேட்டால் "இன்னும் அழுத்துங்க" என்பார்கள், அது உண்மையான பதில் இல்லை. மென்மையாகவே செய்யுங்கள், சூடான எண்ணெய் வேண்டாம். விரலிடுக்கையும் குதிகாலையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், அவருக்கே தெரியாத புண் இருக்கும். இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து வேகமாக இரத்தத்தில் சேர்ந்து சர்க்கரை இறங்கலாம். அந்தப் பக்கம் போகாதீர்கள். அவர் வெறும் வயிற்றிலும் இருக்கக் கூடாது.

மறுக்கும்போது வாசலில் நின்று மறுக்கப் பலருக்கும் கூச்சம். வந்ததற்குப் பெட்ரோல் செலவு ஆயிற்றே என்று நினைத்து, "சும்மா லேசா" என்று தொடங்கிவிடுவார்கள். போனிலேயே விசாரித்திருந்தால் இந்தச் சங்கடத்தில் பாதி வராது.

5. வீட்டுக்குள் போனதும்

நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் வளையல் கழற்றியிருக்க வேண்டும். அவர் கண் முன்னால் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள்.

போனில் கேட்டதை நேரில் இன்னொரு முறை கேளுங்கள். முதலில் பேசியது மகளாக இருக்கும், படுக்கப் போவது அம்மாவாக இருக்கும். புது எண்ணெய் என்றால் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தேய்த்து, பேசி முடிக்கும் வரை பாருங்கள். இந்த இடைவெளியில் தெரியாத ஒவ்வாமையும் உண்டு. தோல் எளிதில் தடிப்பவர் என்றால் முந்தின நாளே சிறிது எண்ணெயைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வது நல்லது.

என்ன செய்யப் போகிறீர்கள், எந்த இடத்தில் துணி விலகும், எந்த இடத்தைத் தொடமாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். அவர் உடை மாற்றி, வேட்டியைப் போர்த்திப் படுத்துக் குரல் கொடுத்த பிறகு உள்ளே போங்கள். செய்யும் பாகம் மட்டும் திறந்திருக்கும், முடிந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நம் ஊர்ப் பெண்களில் பலர் இதற்கு முன் யாரிடமும் இப்படிப் படுத்தது கிடையாது. உடம்பு மூடியிருக்கிறது என்ற நிம்மதி வந்தால்தான் தசை தளரும்.

குப்புறப் படுத்தால் கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில். இது இல்லாமல் செய்தால் இடுப்பு வளைந்தே இருக்கும், எழுந்ததும் "இடுப்பு புதுசா வலிக்குது" என்பார்.

6. அழுத்தம் எங்கிருந்து வருகிறது

கையால் அழுத்துகிறவர் இரண்டு வருடத்தில் தொழிலை விட்டுவிடுவார். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்கையை நேராக வைத்து, உடம்பை முன்னால் சாய்த்தால் எடை தானாகக் கையில் இறங்கும். தரையில் என்றால் ஒரு முழங்கால் ஊன்றி, மறு காலை முன்னே குத்தவைத்து அதையே செய்யலாம். மணிக்கட்டை மடக்கி அழுத்தாதீர்கள்.

கட்டைவிரல்தான் முதலில் போகும். அதை அகலமான வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். முதுகுக்கு முன்கை, இடுப்புப் பக்கத் தசைக்கு முழங்கை, பாதத்துக்கு மடக்கிய விரல் முட்டி. கட்டைவிரல் வேண்டிய சின்ன முடிச்சு இருந்தால் மட்டும், அதுவும் மறு கையைப் பின்னால் கொடுத்து.

"நல்லா அழுத்துங்க, வலிச்சாதான் சரியாகும்" என்று கேட்பவர்களிடம் புதியவர்கள் தோற்றுவிடுகிறார்கள். தாங்க முடியாமல் வலிக்கும் அளவு அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும், மறுநாள் கன்றிப்போகும், குறையும் நம் மேல்தான் வரும். பத்துக்கு ஏழுக்கு மேல் வலி போகக் கூடாது என்று சொல்லி வையுங்கள். வாய் "பரவாயில்லை" என்றாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ கால்விரலைச் சுருட்டினாலோ குறையுங்கள்.

ஆழமாக அழுத்தக் கூடாத இடங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். கழுத்தின் முன்பக்கம், அக்குள், முழங்காலுக்குப் பின்குழி, தொடை இடுக்கு, முதுகெலும்பின் மேல், விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பகுதி. இரத்தக்குழாயும் நரம்பும் உறுப்பும் அங்கே தோலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நெட்டி முறிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சலூனில் பழகியவர்கள் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தைத் தாங்களே திருப்பிக் கொடுப்பார்கள். செய்யவே செய்யாதீர்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதால் மூளைக்குப் போகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

7. ஒரு மணி நேரத்தின் வரிசை

முதுகு முதலில், 20 நிமிடம். புதியவரின் கைக்கு உடம்பு பழக முதுகுதான் ஏற்ற இடம், கூச்சமும் குறைவு. பிறகு பின்தொடை, கெண்டைக்கால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 நிமிடம். திரும்பிப் படுக்க வைத்து முன்கால்கள், அப்புறம் கைகள், கடைசியில் தோள், கழுத்து, தலை.

ஒவ்வொரு பாகத்திலும் உருவுதல், பிசைதல், முடிச்சில் நின்று அழுத்துதல், மறுபடி உருவுதல் என்பதுதான் வரிசை. சூடாகாத தசையில் நேராக ஆழம் போனால் அது எதிர்க்கும். கை கால்களில் நீண்ட உருவலை நுனியிலிருந்து உடம்பை நோக்கிக் கொண்டு வாருங்கள், இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் திசை அது. திரும்பி வரும்போது கை சும்மா தோலோடு வழுக்கி வந்தால் போதும்.

பாதம் தொட்ட கையோடு முகத்துக்குப் போவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பாதம் முடிந்ததும் ஈரத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, முடிந்தால் கழுவிவிட்டு, மேலே வாருங்கள். வயிற்றை அவர் கேட்டால் மட்டும் தொடுங்கள்.

நேரம் போதவில்லை என்று கடைசிப் பாகங்களை ஓட்டாதீர்கள். முதுகிலேயே முக்கால் மணி போய்விடும் என்றால் அதை முதலிலேயே சொல்லி, காலை விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. தொழிலைக் கேட்டால் உடம்பு புரியும்

அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் தறிக்காரர்கள். குழித்தறியில் கால் மிதிக்கும், கை இழுக்கும், இடுப்பு முன்னால் வளைந்தே இருக்கும். இடுப்பு வலி என்று வருவார்கள். இடுப்பை மட்டும் தேய்த்தால் இரண்டு நாள் தாங்கும். பிட்டத் தசையையும் தொடை முன்பக்கத்தையும் சேர்த்துத் தளர்த்தினால்தான் நிற்கும், ஏனென்றால் நாளெல்லாம் மடங்கியிருந்த தொடைத் தசை எழுந்து நின்றபோது இடுப்பை முன்னால் இழுக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்தில் கொலுசு வேலை செய்பவர்களுக்குக் கழுத்தும் தோளும். தலை குனிந்து, கைகளை முன்னே குவித்து உட்கார்வதால் நெஞ்சுத் தசை சுருங்கியிருக்கும். பின்கழுத்தில் வலி தெரிந்தாலும் காறை எலும்புக்குக் கீழே, தோளோரமாக, அனுமதி கேட்டுவிட்டுத் தளர்த்திப் பாருங்கள். விரல்களுக்கும் முன்கைக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள், அவர்கள் அதைக் கேட்கத் தெரியாமல் இருப்பார்கள்.

லாரி ஓட்டுநர்களுக்குப் பின்தொடையும் பிட்டமும். கெண்டைக்காலைத் தொடும் முன் நான்காம் பகுதியில் சொன்ன சோதனையை மறக்காதீர்கள், அவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள்.

9. ஏற்காடு போவதென்றால்

அஸ்தம்பட்டி, அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவு. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு ஆளுக்காக ஏறுவது கட்டாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், அரை நாள் கட்டணமாகப் பேசுங்கள். மாலை கடைசி வேலையை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பனிமூட்டத்தில் களைத்த உடம்போடு இறங்குவது ஆபத்து. மே மாதக் கோடை விழா நாட்களில் போக்குவரத்து நின்றுவிடும், நேரம் சொல்லும்போது அதைக் கணக்கில் சேருங்கள்.

மேலே குளிர் அதிகம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உறைய ஆரம்பிக்கும், மார்கழி காலையில் பாட்டிலில் இருந்து வராது. நல்லெண்ணெய் எடுத்துப் போங்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். நேரடியாக அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் ஆறியிருக்கும். மேலே ஒரு கம்பளி கூடுதலாக வேண்டும். குளிரில் நடுங்கும் உடம்பு தளராது.

அங்கே கடைகளில் விற்கும் யூக்கலிப்டஸ் தைலத்தை விருந்தினர்கள் வாங்கி வைத்துக்கொண்டு "இதையே போடுங்க" என்பார்கள். நேராகத் தோலில் போடாதீர்கள், எரிந்து தடித்துவிடும். 30 மில்லி நல்லெண்ணெய்க்குப் பத்துச் சொட்டுக்கு மேல் வேண்டாம். குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் அதுவும் வேண்டாம்.

10. கட்டணம்

ஒரு மணி நேர மசாஜ் என்பது உங்கள் நாளில் இரண்டரை மணி நேரம். போவது, விரிப்பது, பேசுவது, எடுத்து வைப்பது, திரும்புவது, துவைப்பது. அத்தனைக்கும் சேர்த்துத்தான் விலை. ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் ஒரு நாள், அம்மாப்பேட்டை பக்கம் ஒரு நாள் என்று பகுதி பிரித்து வைத்துக்கொண்டால் பெட்ரோலும் உடம்பும் மிஞ்சும்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள். சனிக்கிழமை ஆண்களுக்கும் செவ்வாய், வெள்ளி பெண்களுக்கும் எண்ணெய்க் குளியல் நாள் என்பதால் அழைப்பு அன்று குவியும். ஆசையில் ஆறு பேர் என்று ஒத்துக்கொண்டு, கடைசி இருவருக்கு ஏனோதானோவென்று செய்பவர்களிடம் அந்த இருவரும் மறுபடி வருவதில்லை. புதியவரிடம் பாதி முன்பணம் ஜீபேயில் வாங்கிவிடுங்கள்.

11. முடிந்த பிறகு

சட்டென்று எழுப்பாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்கட்டும். படுத்திருந்த உடம்பில் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலைசுற்றி விழுபவர்கள் உண்டு. உள்ளங்காலில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மொசைக் தரையில் வழுக்கி விழுந்தால் நாம் செய்த எல்லாம் வீண்.

வெளியே வந்ததும், வண்டியை எடுக்கும் முன், நோட்டில் எழுதுங்கள். தேதி, என்ன வலி, எந்த இடத்தைத் தவிர்த்தீர்கள், அழுத்தம் எவ்வளவு, எழுந்ததும் என்ன சொன்னார். மறுநாள் ஒரு போன். வலி கூடியிருந்தால், மரத்துப்போயிருந்தால், இன்னொரு மசாஜ் என்று சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எண்ணெய்த் துணியை அன்றிரவே சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள். இரண்டு நாள் விட்டால் எண்ணெய் சிக்கு வாடை ஏறிவிடும், பிறகு எத்தனை துவைத்தாலும் போகாது. எண்ணெய் சரியாகப் போகாத துணியை டிரையரில் போட்டு, சூட்டோடு குவித்து வைக்காதீர்கள். பருத்தியில் மிஞ்சிய எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. சேலத்து வெயில் இருக்கும்போது டிரையர் எதற்கு, கொடியில் விரித்துப் போட்டு, முழுக்கக் காய்ந்து ஆறிய பிறகு மடித்துப் பையில் வையுங்கள்.